பால் அளந்த கையும் உவர்நீர்த் தொட்டியும்

நீரை நன்னீர் என்றும் உப்புநீர் என்றும் இரண்டாகப் பகுத்துப் பேசுவது உலக வழக்கு. குடிக்கத் தகுவது ஒன்று, தகாதது மற்றொன்று. மனிதனின் நாவை அளவுகோலாகக் கொண்டு எழுந்த பாகுபாடு இது. இயற்கையோ அவ்வாறு கோடு கிழித்து நிற்பதில்லை. ஆறு கடலைத் தழுவும் இடத்தில் இரண்டு நீரும் கலந்து மூன்றாவது ஒன்று பிறக்கின்றது. ஓதம் ஏறும்போது அதில் உப்பு மிகும். ஓதம் வற்றும்போது உப்புக் குறையும். மலேசியாவின் மேற்குக் கரையில் இந்த ஏற்றமும் வற்றமும் நாளொன்றுக்கு இருமுறை நிகழ்கின்றன. அந்த மாறும் நீரையே தமிழர் உவர்நீர் என்றனர்.

நிலத்தை ஐந்தாக வகுத்த பழந்தமிழர், கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனப் பெயரிட்டதோடு அமையவில்லை. கடல்நீர் உள்ளே புகுந்து தேங்கும் இடத்திற்குக் 'கழி' என்று தனிச்சொல் கண்டனர். அதன் கரையில் நிற்கும் மரங்களைக் கண்டல் என்றும், தில்லை என்றும் வேறு பிரித்து அறிந்தனர். சிதம்பரம் தில்லை என்னும் பெயர் பெற்றது, அதன் அருகே பிச்சாவரத்தில் இன்றும் காணப்படும் தில்லை மரத்தால்தான். உவர்நிலத்து மரமொன்று கூத்தப்பிரானின் ஊருக்கே பெயர் ஈந்தது எனின், அந்நிலத்தைத் தமிழர் எத்துணை நெருங்கி அறிந்திருந்தனர் என்பது விளங்கும்.

பேரா மாநிலத்தில் அத்தகைய நிலத்திற்குக் குறைவில்லை. தைப்பிங்குக்கு மேற்கே, கடலோரமாக மாத்தாங் கண்டற்காடு பரந்து கிடக்கின்றது. ஏறத்தாழ 40,000 எக்டேர் பரப்புடைய அக்காடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஒழுங்குமுறையோடு பேணப்பட்டு வருகின்றது. மரங்களை முப்பதாண்டுச் சுழற்சியில் வெட்டிக் கரியாக்குவதும், வெட்டிய இடத்தில் மீண்டும் காட்டை வளரவிடுவதும் அங்கு நடைபெறும் முறை. காட்டின் வாயிலில் அமைந்த ஊர் கோலா செபெத்தாங். வெள்ளையர் ஆட்சியில் அதற்குப் போர்ட் வெல்ட் என்று பெயர். மலாயாவின் முதல் இருப்புப்பாதை, தைப்பிங்கையும் அவ்வூரையும் இணைத்து 1885ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. தண்டவாளம் மறைந்துவிட்டது, ஆயினும் நிலையத்தின் பெயர்ப்பலகை எஞ்சி நிற்கின்றது. அதில் ஊரின் பெயர் ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் எழுதப்பட்டிருக்கின்றது.

மலாய் மொழியில் 'கோலா' என்பது ஆறு கடலோடோ மற்றோர் ஆற்றோடோ கூடும் இடத்தைக் குறிக்கும். கோலாலம்பூர், கோலகங்சார் என்று நாள்தோறும் உச்சரிப்போர் அச்சொல்லின் பொருளை நினைப்பதில்லை. ஈப்போ நகரின் புறத்தே ஒரு வரிசை வீட்டில் வாழும் பெரியவர் ஒருவர், தம் எழுபத்தைந்தாம் அகவைக்குப் பின்னரே அச்சொல்லின் பொருளை ஒரு மீனால் கற்றார்.

அவர் சுங்கை சிப்புட் வட்டாரத்து இரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தோட்டம் செம்பனைக்கு மாறிப் பின்னர் வீட்டு மனைகளாகவும் பிரிந்தது. உலகில் இயற்கை இரப்பரை மிகுதியாக விளைத்த நாடு என்ற இடத்தை மலேசியா 1990களின் தொடக்கத்தில் இழந்தது. ஹியூ லோ 1877இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளிலிருந்து தொடங்கிய ஒரு வாழ்க்கை முறை, அதே மாநிலத்தில் மெல்ல மெல்லச் சுருங்கியது. லயத்து வீட்டை விட்டு வெளியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. நகரில் காவற்பணி சில ஆண்டுகள்; பின்னர் மகள் வீட்டில் ஓய்வு. பொழுது விடியுமுன் எழுந்து பழகிய உடம்பு இப்போதும் விடியுமுன் எழுந்துவிடும். எழுந்தபின் செய்வதற்குத்தான் ஒன்றுமில்லை.

அவ்வீட்டிற்கு மீன் வந்தது பேத்தியின் பிறந்தநாளை ஒட்டி. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு பயிலும் அச்சிறுமிக்கு மகள் ஒரு சிறு கண்ணாடித் தொட்டியும் மூன்று மீன்களும் வாங்கி வந்தார். வட்டமான தட்டை உடல். பழுப்புப் பச்சை நிறம். அதன்மேல் சிறுத்தைக்கு உள்ளவை போன்ற கரும்புள்ளிகள். அளவோ பெருவிரல் நீளம். குழாய்த் தண்ணீரில் வாழும் என்று கூறி ஒரு கடையில் விற்றனர். ஒரு திங்களுக்குள் ஒன்று இறந்தது. பத்து நாளில் அடுத்ததும் இறந்தது. மூன்றாவது, துடுப்புகளை உடலோடு ஒட்டிக்கொண்டு தொட்டியின் மூலையில் சாய்ந்து நின்றது. உணவை நாடவில்லை. நிறமும் மங்கிற்று.

"தாத்தா, இதுவும் செத்துப் போயிடுமா?"

"தெரியலம்மா. ஏன் சாகுதுன்னு முதல்ல தெரியணும்."

அடுத்த வீட்டில் ஒரு சீன முதியவர் நெடுங்காலமாக மீன் வளர்ப்பவர். அவர் வந்து பார்த்தார். மலாய் மொழியில் ஒரே வரியில் விடையிறுத்தார். இது கித்தாங் மீன். ஆற்று மீன் அன்று, கோலா மீன் என்றார். அந்தச் சொல்லில் எல்லாம் அடங்கியிருந்தது.

அடங்கியிருந்த பொருளை விரித்துரைத்தல் வேண்டும். மீனின் குருதியில் ஓரளவு உப்பு உண்டு. நன்னீரில் வாழும் மீனுக்குச் சுற்றியுள்ள நீர் தன் உடலினும் உப்புக் குறைந்தது. ஆதலின் நீர் இடையறாது உட்புகும், உடலின் உப்பு வெளியே கசியும். கடல்மீனுக்கு நிலை தலைகீழ். உடலின் நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் தன் நிலைக்கேற்ப உப்பை உள்வாங்கவோ வெளித்தள்ளவோ செவுளிலும் சிறுநீரகத்திலும் கருவிகள் பெற்றிருக்கின்றது. கழிமுகத்து மீன் இருவகை வேலையும் அறிந்தது. ஓதத்தோடு தன்னை மாற்றிக்கொள்ள வல்லது. கித்தாங் குஞ்சுகள் ஆற்றுநீரிலும் சில காலம் வாழும். ஆயின் சில காலம் தாங்குவது வேறு, வாழ்நாள் முழுதும் தாங்குவது வேறு. உப்பே இல்லாத நீரில் அது வளர வளர நலிகின்றது. தாங்கிக்கொள்வதைக் கண்டு, 'இதற்கு இது போதும்' என்று பிறர் முடிவு செய்துவிடுகின்றனர். தாங்கும் ஆற்றல் உடையோர்க்கு இவ்வுலகில் நேரும் தீங்கு பெரும்பாலும் இதுவே.

பெரியவர் அன்றே உப்பு வாங்கப் புறப்பட்டார். சமையலுப்பு ஆகாது என்று அண்டைவீட்டார் தடுத்தார். அவர் தடுத்தது சரியே. கடல்நீரில் கரைந்துள்ள பொருள்களில் பெரும்பகுதி சமையலுப்பின் கூறுகளே என்றாலும், மக்னீசியம், சுண்ணகம், சல்பேட், பொட்டாசியம் முதலியனவும் அதில் உள. இவை அனைத்தும் அளவோடு சேர்ந்த கடலுப்புக் கலவை மீன்கடைகளில் கிடைக்கின்றது. ஒரு பையும், உப்பின் அளவைக் காட்டும் ஒரு மிதவைக் கருவியும் வாங்கி வந்தனர்.

அந்தக் கருவியைக் கையில் எடுத்ததும் பெரியவரின் முகம் மாறிற்று. அதைப் போன்ற ஒன்றை அவர் முப்பது ஆண்டுகள் கையில் பிடித்தவர்.

இரப்பர்த் தோட்டத்தை அறியாத இளந்தலைமுறைக்காக இதனைச் சிறிது விளக்குதல் நன்று. மரத்திலிருந்து வடியும் பால் முழுவதும் இரப்பர் அன்று. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இரப்பர், எஞ்சியது பெரும்பாலும் நீர். மழையும் மரத்தின் வயதும் பருவமும் இந்த அளவை மாற்றும். ஆதலின் பால் ஸ்டோரில் ஒவ்வொருவரும் கொண்டுவந்த பாலை நிறுப்பதோடு, அதில் எவ்வளவு இரப்பர் உள்ளது என்பதையும் பார்க்க வேண்டும். அதற்குரிய கருவி மெட்ரோலாக். பாலில் சிறிது எடுத்து நீர் கலந்து, ஒரு நெடிய குவளையில் ஊற்றி, அம்மிதவையை மெல்ல விடுவர். அதன் தண்டில் உள்ள கோடு எந்த எண்ணில் நிற்கின்றதோ அதை வைத்துக் கணக்கு எழுதப்படும். அந்த எண் ஒரு குடும்பத்தின் அன்றைய கூலியைத் தொட்டது.

பெரியவர் பார்த்த வேலை அதுதான். வரிசையில் வாளியோடு நிற்பவர் அக்காளாக இருப்பார், மாமனாக இருப்பார், அடுத்த வீட்டுக்காரராக இருப்பார். அத்தனை பேரும் அவர் கண்ணையே பார்ப்பர். ஓர் எண் கூட்டினால் கிராணி கேட்பார். ஓர் எண் குறைத்தால் ஓர் அடுப்பில் அரிசி குறையும். நுரை அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். மிதவை குவளையின் சுவரைத் தொடக்கூடாது. கண்ணைக் கோட்டின் மட்டத்திற்குத் தாழ்த்திப் பார்க்க வேண்டும். அவசரப்படுத்தினாலும் அவர் அவசரப்பட்டதில்லை. தோட்டம் கைமாறியபின் அந்தத் திறன் எங்கும் தேவைப்படாத ஒன்றாயிற்று. ஈப்போவில் அதைப் பற்றிக் கேட்பார் எவருமில்லை.

இப்போது அவர் சமையற்கட்டு மேடையில் ஒரு குவளையை வைத்தார், உப்புநீரை ஊற்றினார், குமிழிகள் அடங்கக் காத்திருந்தார், முழங்காலை மடக்கிக் கண்ணைத் தாழ்த்தினார். பேத்தியும் அருகே குனிந்தாள்.

"பால்ல இரப்பர் கூடினா மிதவை கீழே இறங்கும். தண்ணியில உப்பு கூடினா மேலே ஏறும். ரெண்டும் ஒரே கணக்குத்தான்."

"ஏன் தாத்தா ஒண்ணு இறங்குது, ஒண்ணு ஏறுது?"

"இரப்பர் தண்ணிய விட லேசு. உப்புத் தண்ணி, நல்ல தண்ணிய விடக் கனம். கனமான தண்ணி தூக்கிப் பிடிக்கும்."

ஆர்க்கிமிடீசின் கோட்பாட்டை ஐந்தாம் ஆண்டு மாணவிக்கு அதனினும் சுருக்கமாக ஆசிரியர் ஒருவர் சொல்லிவிட முடியுமா என்பது ஐயமே.

மீனைக் காப்பது உப்பு ஒன்றினால் முடிவதன்று. முதலில் இடம் வேண்டும். 90 சென்டிமீட்டர் நீளமும் 45 அகலமும் 45 உயரமும் கொண்ட தொட்டி ஒன்று விலை குறைவாகக் கிடைத்தது. அதன் முழுக் கொள்ளளவு 182 லிட்டர். அடியிலிட்ட மணலும் மேலே விட்ட வெற்றிடமும் போக ஏறத்தாழ 150 லிட்டர் நீர் நிற்கும். நீரின் எடை மட்டும் 150 கிலோ. கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் இன்னும் கூடும். ஆதலின் மேசைமேல் வைக்காமல் இரும்புச் சட்டத்தின்மேல் வைத்தனர். குழாய்நீரில் கிருமி நீக்கச் சேர்க்கும் குளோரின் மீனுக்கு நஞ்சு என்பதால், அதை நீக்கும் மருந்தைக் கலந்தபின்பே நீரைப் பயன்படுத்தினர்.

அடுத்தது நீரின் காரத்தன்மை. உவர்நீர் மீன்கள் புளிப்பேறிய நீரில் நலம்பெறா. அதற்குப் பவளச் சில்லுகளை இடுவது வழக்கம். ஈப்போவில் வாழ்பவர்க்கு அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. நகரைச் சூழ்ந்து நிற்கும் குன்றுகளுள் பல சுண்ணாம்புக் கற்களே. பவளமும் அக்கல்லும் அடிப்படையில் ஒரே பொருள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது, இன்று கிந்தாப் பள்ளத்தாக்கின் குன்றாக நிற்கின்றது. கட்டட வேலைக்கென விற்கும் சுண்ணாம்புக் கற்சில்லுகளைக் கழுவி, வடிகட்டியினுள் ஒரு கைப்பை அளவு இட்டனர். நீர் புளிக்கத் தொடங்கும்போது கல் சிறிது கரைந்து அதைச் சரிசெய்துவிடும்.

மூன்றாவது இடர் கண்ணுக்குப் புலப்படாதது. மீன் கழிக்கும் கழிவிலிருந்தும், எஞ்சி அழுகும் உணவிலிருந்தும் அமோனியா தோன்றுகின்றது. பெரியவர் அப்பெயரைக் கேட்டதும் மூக்கைச் சுளித்தார். பால் உறைந்துவிடாமல் இருக்கத் தோட்டத்தில் சேர்த்த அதே அமோனியா. கண்ணை எரிக்கும் அதன் நெடியை அவர் மறக்கவில்லை. பாலைக் காப்பது மீனைக் கொல்லும். காரம் மிகுந்த நீரில் அதன் நஞ்சு இன்னும் கடுமையாகும். ஆகவே உவர்நீர்த் தொட்டியில் அதனிடம் இருமடங்கு விழிப்பு வேண்டும்.

அதற்கு மாற்று நுண்ணுயிர்களிடம் உண்டு. ஒரு வகை நுண்ணுயிர் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றும். அதனால் விளையும் தீங்கு மிகக் குறைவு. நீரை மாற்றி அதை வெளியேற்றிவிடலாம். புதிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடாதிருப்பதே முறை. இங்கோ ஒரு மீன் சாகக் கிடக்கின்றது. ஆறு வாரம் அது காத்திராது. அண்டைவீட்டு முதியவர் தம் தொட்டியின் வடிகட்டியிலிருந்து அழுக்கேறிய பஞ்சொன்றை எடுத்துத் தந்தார். கழுவக்கூடாது என்று எச்சரித்தார். அருவருப்பூட்டும் அந்தப் பஞ்சுதான் அன்று அவ்வீட்டிற்கு வந்த கொடைகளுள் விலையுயர்ந்தது. அதில் குடியிருந்த உயிர்கள் புதிய வடிகட்டியில் குடியேறின.

உப்பை ஒரேயடியாகக் கூட்டினால் மீனும் தாங்காது, நுண்ணுயிரும் தாங்காது. வாளியில் நீரெடுத்து அதில் உப்பைக் கரைத்து, முற்றக் கரைந்தபின் தொட்டியில் சிறிது சிறிதாகச் சேர்த்தனர். மிதவை நன்னீரில் 1.000 காட்டும், கடல்நீரில் 1.025ஐ ஒட்டிக் காட்டும். முதல் வாரம் 1.002, மூன்றாம் வாரத்தின் முடிவில் 1.005. இந்த அளவிற்கு லிட்டருக்கு ஏறத்தாழ 7 கிராம் வேண்டும். தொட்டி முழுமைக்கும் ஒரு கிலோவே ஆயிற்று. நாள்தோறும் விடியுமுன் பெரியவர் அளந்தார். எண்ணைப் பேத்தி ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதினாள். நாள், நேரம், மிதவை எண், மீன் உண்டதா இல்லையா என்று நான்கு நிரல்கள். பால் ஸ்டோர்க் கணக்கேட்டின் நிரல்களைப் போலவே அவை அமைந்தன. அவள் அதை அறியாள்.

முதல் ஐந்து நாள் 'உண்ணவில்லை' என்றே எழுதப்பட்டது. மகள் ஒருநாள் சற்றுச் சினந்தாள். பத்து வெள்ளி மீனுக்குப் பல நூறு வெள்ளி செலவா என்று கேட்டாள். அவள் கேட்டதிலும் பிழையில்லை. மாதச் சம்பளத்தில் வீடு நடத்துபவள். பெரியவர் மறுமொழி கூறவில்லை. ஆறாம் நாள் மாலை அந்த மீன் மூலையை விட்டு வெளியே வந்து, வெந்த கீரைத் துணுக்கொன்றைக் கடித்துத் துப்பி மீண்டும் கடித்தது. பேத்தி இட்ட கூச்சலில் மகள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். மூவரும் தொட்டியின்முன் நின்றனர். செலவைப் பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை.

மீன் தேறியபின் வீட்டாருக்கு அது வந்த இடத்தைக் காணும் விருப்பம் பிறந்தது. ஒரு பள்ளி விடுமுறையில் கோலா செபெத்தாங் சென்றனர். கண்டல் மரங்கள் தம் வேர்களைக் கால்களாக ஊன்றிச் சேற்றுக்குமேல் நின்றன. ஓதம் வற்றியிருந்தது. சேற்றில் மீன்கள் நடந்தன. ஆம், நடந்தன, முன்துடுப்புகளை ஊன்றி, தலைமேல் துருத்திய கண்களை உருட்டி, வாலைச் சொடுக்கித் தாவின. மலாய்க்காரர் அவற்றைப் பெலாச்சாக் என்பர். தமிழில் உளுவை எனப்படும் மீன்களின் இனத்தைச் சேர்ந்தவை. ஈரம் இருக்கும்வரை தோலாலும் வாயறையாலும் காற்றைப் பெறும். அவற்றுள் பெரியதோர் இனம் சேற்று வளையினுள் வாய் வாயாகக் காற்றைக் கொண்டுசென்று சேமித்து வைக்கின்றது என்பதை, மலேசியக் கடற்கரையில் ஆய்ந்த அறிஞர்கள் 1998இல் வெளியிட்டனர்.

அவ்வினத்தின் அறிவியற் பெயரில் சுலோசர் என்னும் டச்சு மருத்துவர் ஒருவரின் பெயர் கலந்திருக்கின்றது. அவருடைய கதை மாணவர் அறியத்தக்கது. வாயிலிருந்து நீரைப் பீச்சி, இலைமேல் இருக்கும் பூச்சியை வீழ்த்தும் மீனொன்றைப் பற்றி 1764இல் இலண்டன் அரச கழகத்திற்கு அவர் எழுதினார். பட்டேவியாவிலிருந்து கிடைத்த செய்தி அது. செய்தி உண்மை; ஆனால் உடன் அனுப்பிய மீனின் உடல் வேறொரு மீனுடையது. நீண்ட அலகுடைய பவளப்பாறை மீனொன்று அந்தப் புகழைச் சிலகாலம் சுமந்தது. ஈராண்டுக்குப்பின் சரியான மீன் காட்டப்பட்டது. 1767இல் பல்லாசு என்னும் அறிஞர் அதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். மாத்தாங் போன்ற கண்டற் கழிகளில் வாழும் அம்மீனை மலாய்க்காரர், ஊதுகுழல் அம்பின் பெயரால் சும்பிட் என்று நெடுங்காலமாக அழைத்து வருகின்றனர். நீருக்குள்ளிருந்து பார்க்கும்போது ஒளி விலகுவதால் பூச்சி இருக்குமிடம் மாறித் தோன்றும். அந்தப் பிழையையும் கணக்கிட்டே அது குறிவைக்கின்றது.

படகுத்துறையருகே ஒரு சிறுவன் நெகிழிப் பையில் இரண்டு பெலாச்சாக் மீன்களைப் பிடித்து வைத்திருந்தான். பேத்தி தாத்தாவின் கையைப் பற்றினாள்.

"ஒண்ணு வாங்கிக்கலாமா தாத்தா? நம்மகிட்டதான் உப்புத் தண்ணி இருக்கே."

"தண்ணி இருக்கும்மா. சேறு இருக்கா? கரை இருக்கா? அது தண்ணியில பாதி, தரையில பாதி வாழுற சீவன். பாதிய மட்டும் குடுத்து எப்படி வச்சுக்கிறது?"

அவள் முகம் வாடியது. ஆனால் மேலும் கேட்கவில்லை. மூலையில் சாய்ந்து நின்ற மீனை அவள் மறக்கவில்லை போலும்.

மீன் வளர்ந்தது. உப்பின் அளவும் 1.010க்கு உயர்ந்தது. வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றினர். அதற்கு அரைக் கிலோ உப்புத் தேவைப்பட்டது. வெப்பத்தால் வற்றும் நீருக்கு மட்டும் வெறும் நன்னீரே ஊற்றினர். ஆவியாவது நீர்தான், உப்பு அன்று. அங்கும் உப்புநீரையே ஊற்றினால் நாளடைவில் தொட்டி கடலாகிவிடும். முதுகு முள்ளில் நஞ்சு உண்டு என்பதால் அதைக் கையால் பிடிப்பதில்லை. பெரியவர் தொட்டியருகே சென்றால் அது மேலே வந்து வாய் திறக்கும். அவர் விடியலில் எழுவதற்கு ஒரு காரணம் வாய்த்தது.

ஈராண்டு கடந்தது. மீன் ஒரு சாண் அளவை எட்டிற்று. இயற்கையில் அது 30 சென்டிமீட்டரைக் கடந்து வளரும் இனம். முதிரும்போது கடல்நீரையே மிகுதியும் நாடும். கூட்டமாக வாழ விரும்பும். 90 சென்டிமீட்டர் தொட்டியில் அது இரண்டு வீச்சில் ஒரு சுவரைத் தொட்டது. திரும்பி இரண்டு வீச்சில் மறுசுவரைத் தொட்டது. பெரியவர் இதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். நோயும் தொற்றும் காட்டு மீன்களுக்குப் பரவக்கூடும் என்பதால் கழியில் கொண்டுபோய் விடுவதும் தகாது. அண்டைவீட்டாருக்குத் தெரிந்த ஒருவர் சித்தியவான் பக்கத்தில் பெரியதோர் உவர்நீர்த் தொட்டியில் கித்தாங் கூட்டமொன்றை வளர்த்து வந்தார். அவர் பெற்றுக்கொள்ள இசைந்தார்.

பேத்தி அழுதாள். "நம்ம காப்பாத்தின மீன் தாத்தா, ஏன் குடுக்கணும்?" என்று கேட்டாள்.

பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "காப்பாத்தினது நம்ம தொட்டியில வச்சுப் பார்க்கவா அம்மா, இல்ல அது வாழவா?"

அவர் தம் பிள்ளைகளை லயத்திலிருந்து நகரப் பள்ளிக்கு அனுப்பிய நாளில், அவருடைய மனைவியும் இதே கேள்வியை அவரிடம் கேட்டிருந்தார் என்பதை மகள் அறிவாள். அவள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மீனை எடுத்துச் சென்ற நாளில் அவளே வண்டியை ஓட்டினாள்.

இப்போது அத்தொட்டியில் வாழ்பவை மஞ்சளும் கருப்பும் வரிந்த சிறு உளுவைகள். முழு வளர்ச்சியிலும் மூன்று நான்கு சென்டிமீட்டரைத் தாண்டாதவை. அந்த இடம் அவற்றுக்குத் தாராளம். உப்பை மீண்டும் 1.005க்குக் குறைத்தனர். உலர்ந்த உணவை அவை பெரும்பாலும் தீண்டுவதில்லை, உயிருணவே வேண்டும். அதற்கெனப் பேத்தி ஒரு புட்டியில் உப்புநீர் இறால் முட்டைகளைப் பொரிக்கக் கற்றுக்கொண்டாள். கணக்கு எழுதிய பயிற்சிப் புத்தகம் மூன்றாவதாகத் தொடர்கின்றது. அதைக் கண்ட அவள் ஆசிரியை, மிதவைக் கருவியையும் பெரியவரையும் ஒருநாள் வகுப்பறைக்கு வரவழைத்தார். அவர் மெட்ரோலாக்கைப் பற்றிச் சொன்னார். இரப்பர் மரத்தையே நேரில் கண்டிராத பிள்ளைகள் அவ்வகுப்பில் பலர் இருந்தனர். ஒரு குவளையில் உப்பைக் கரைத்து ஒவ்வொருவரையும் குனிந்து பார்க்கச் சொன்னார். கண்ணைத் தாழ்த்தாமல் மேலிருந்து பார்த்த சிறுவனை, "அப்படிப் பார்த்தா கணக்கு தப்பும், தம்பி" என்று திருத்தினார்.

ஒரு தலைமுறை கற்ற தொழில் மறையும்போது, அத்தொழிலோடு சேர்ந்து அதன் அறிவும் மறைந்துவிட்டதாக எண்ணுவது எளிது. பாலை அளந்த கைகள், மரத்தின் பட்டையை உயிர்நிலை தொடாமல் சீவிய கைகள், உறையும் நேரத்தைக் கண்ணால் அறிந்த கைகள் இன்னும் பல வீடுகளில் மடிமேல் கிடக்கின்றன. அவற்றிடம் இருப்பது வெறும் பழங்கதை அன்று. பொறுமையும் அளவும் நேர்மையும் சேர்ந்த ஓர் அறிவு. அதைக் கேட்டுப் பெறுவதற்கு ஒரு மீன் சாகவேண்டியதில்லை. அளவுகோல் ஒன்றைக் கொடுத்து, "இதை எப்படிப் பார்ப்பது?" என்று பிள்ளைகள் கேட்டால் போதும்.